இந்த வார வேலையா, மூன்று வருஷத் திட்டமா? புது ப்ராடக்ட் மேனேஜருக்கு ஒரு செய்முறை

ப்ராடக்ட் மேனேஜர் ஆன முதல் மாதத்திலேயே இந்த இழுபறி தொடங்கிவிடும். விற்பனைக் குழு ஒன்றை இந்த வாரமே கேட்கும். மேலிடமோ மூன்று வருஷம் கழித்து எங்கே இருப்போம் என்று கேட்கும். இரண்டும் நியாயம்தான். ஆனால் சத்தம் போடுகிற வேலைக்குத்தான் ஆள் போகும். சத்தமில்லாதது அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போகும். அப்படித் தள்ளிப்போகாமல் இருக்க நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு கணக்கு மென்பொருளை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

படி 1: திசையை ஒரே வரியில் எழுதுங்கள்

"சிறு நிறுவனங்கள் தாங்களே மாதக் கணக்கை முடிக்க வேண்டும்." இவ்வளவு போதும். அதன் கீழேயே எதைச் செய்ய மாட்டோம் என்றும் எழுதுங்கள்: "பெரிய நிறுவனங்களுக்குத் தனி வடிவம் கிடையாது." இந்த இரண்டாவது வரியை எழுதத்தான் எல்லோரும் தயங்குவார்கள். அது இல்லாவிட்டால் எந்த வேலையும் ரோட்மேப்பில் (வரப்போகும் வேலைகளின் திட்டத்தில்) பொருந்துவதுபோலவே தெரியும்.

படி 2: பேக்லாக்கைப் பிரியுங்கள்

பேக்லாக் என்பது செய்யக் காத்திருக்கும் வேலைகளின் பட்டியல். அதில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கேள்விகள். சில வாரங்களில் பலன் தெரியுமா? படி 1-இல் எழுதிய வரிக்குப் பக்கத்தில் கொண்டுபோகுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் உடனே எடுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் அழித்துவிடுங்கள். உண்மையிலேயே தேவை என்றால் திரும்ப வரும்.

பலன் சீக்கிரம், திசை வேறு என்கிற வேலைகளில்தான் மாட்டிக்கொள்வோம். ஒருமுறை ஒரே ஒரு வாடிக்கையாளருக்காகத் தனி அறிக்கை வடிவம் ஒன்றுக்குச் சம்மதித்தேன். இரண்டு நாள் வேலைதானே என்று நினைத்தேன். அப்புறம் டேட்டாபேஸில் எதைத் தொட்டாலும் அந்த அறிக்கையையும் சோதிக்க வேண்டியதாயிற்று. வாடிக்கையாளர் விலகிப் போனார், அறிக்கை மட்டும் போகவில்லை. அதிலிருந்து, செய்து முடிக்க எத்தனை நாள் என்பதோடு, வருஷம் முழுக்கப் பராமரிக்க எத்தனை நாள் என்றும் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

படி 3: நாட்களை முன்கூட்டியே பங்கிடுங்கள்

முதன்மைத் தொழிலுக்கு 70 சதவீதம், அதை ஒட்டிய முயற்சிகளுக்கு 20, முற்றிலும் புதியவற்றுக்கு 10 என்ற கூகுளின் விகிதம் பிரபலம். சின்னக் குழுவுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து டெவலப்பர்கள், இரண்டு வார ஸ்பிரிண்ட் (ஒரு சுற்று வேலைக்கான காலம்) என்றால், ஆளுக்குப் பத்து வேலைநாள் வீதம் கையில் இருப்பது 50 நாட்கள். பக் (நிரல் பிழை) திருத்தத்துக்கு 10, உடனடி வேலைகளுக்கு 25, பலன் மெதுவாக வந்தாலும் திசைக்கு உதவும் நீண்டகால வேலைக்கு 15 என்று தொடங்கிப் பாருங்கள்.

டிக்கெட் (தனித்தனியாகப் பதிவு செய்த வேலை) எண்ணிக்கையை வைத்துப் பங்கிடாதீர்கள். அந்த 15 நாளை எல்லோருக்கும் மூன்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கவும் வேண்டாம், கரைந்துவிடும். ஒருவருக்கு ஸ்பிரிண்ட் முழுக்க, இன்னொருவருக்குப் பாதி என்று கொடுங்கள். (இன்னும் பயனரே இல்லாத புதுத் தயாரிப்புக்கு இந்தப் பங்கீடு எதுவும் பொருந்தாது. அங்கே முதல் வேலை, யாருக்கு என்ன தேவை என்று கண்டுபிடிப்பதுதான்.)

படி 4: பெரிய வேலையைப் பயன்படும் துண்டுகளாக வெட்டுங்கள்

வங்கிப் பதிவுகளைக் கணக்குப் பதிவுகளோடு தானாகப் பொருத்துவதுதான் பெரிய இலக்கு என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு கட்டாதீர்கள். முதல் துண்டு, ஒரே தொகையும் ஒரே தேதியும் உள்ள ஜோடிகளைக் காட்டி "இது சரியா?" என்று கேட்டால் போதும். பயனருக்கு அன்றைக்கே வேலை குறையும். அவர் எதை ஏற்றார், எதை மறுத்தார் என்ற பதிவு அடுத்த துண்டை எங்கே வெட்டுவது என்று உங்களுக்குக் காட்டும்.

பழையதை உடனே நிறுத்தவும் வேண்டாம். 1998-இல் தபாலில் டிவிடி அனுப்பத் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், 2007-இல் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது. டிவிடி சேவையை மூடியது 2023-இல்தான்.

படி 5: கடன் நோட்டு வையுங்கள்

குறுக்குவழியில் எழுதும் நிரலைக் கடனோடு ஒப்பிட்டவர் வார்ட் கன்னிங்ஹாம் என்ற நிரலாளர், 1992-இல். கடன் வாங்கலாம், ஆனால் எழுதி வைத்துக்கொண்டு வாங்குங்கள்: என்ன குறுக்குவழி, ஏன், எப்போது சரிசெய்வோம். "எப்போது" என்பதற்குத் தேதி போட்டால் அது தள்ளிப்போகும். "பயனர்கள் 1,000-ஐத் தாண்டும்போது" என்று நிபந்தனையாக எழுதுவது எனக்கு நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

படி 6: இரண்டு எண்களைச் சேர்த்தே பாருங்கள்

நோட்டிஃபிகேஷனைக் கூட்டினால் இந்த வார வருகை ஏறும். அதை அணைத்தவர்கள் எத்தனை பேர், மூன்று மாதம் கழித்தும் வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

படி 7: காலாண்டு முடிவில் கணக்குப் பாருங்கள்

ஸ்பிரிண்டுக்கு 15 நாள் என்று ஒதுக்கினோமே, உண்மையில் எத்தனை நாள் போனது? நான்கு என்று வந்தால் குழுவைத் திட்டாதீர்கள். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு மேலிடத்திடம் போங்கள். கூடவே அந்த 11 நாட்களையும் விழுங்கிய வேலைகளின் பட்டியலும் இருக்கட்டும். அடுத்த காலாண்டில் இவற்றில் எதை விடலாம் என்று அவர்களையே கேளுங்கள்.