ஹாப்சாலு 'நூப்' முடிச்சு: ஏழு சுற்றையும் ஒரே கண்ணியாக இறக்குவது எப்படி

எஸ்டோனியாவின் மேற்குக் கரையில் உள்ள ஹாப்சாலு ஊரில் 1825-இல் சேற்றுக் குளியல் சிகிச்சை நிலையம் தொடங்கியது. அங்கே வந்த விருந்தாளிகளுக்கு விற்கப் பெண்கள் பின்னிய மெல்லிய கம்பளிச் சால்வைகளின் அடையாளம் 'நூப்' என்னும் சின்னப் புடைப்பு. லில்லி மணிப்பூப் போன்ற டிசைன்களில் பூவின் மொட்டாக நிற்பது இதுதான். நிட் (நேர்ப் பின்னல்), பர்ல் (எதிர்ப் பின்னல்), லேஸ் (துளைப் பின்னல்) எல்லாம் கைவந்தவர்களும் இதில் முதலில் திணறுவார்கள். காரணம் ஒன்றே ஒன்று: ஒரே கண்ணிக்குள் எடுக்கும் ஏழு நூல் சுற்றுகள் இறுகிவிடும்.

மாதிரித் துண்டுக்கு மெல்லிய இரட்டைப் புரிக் கம்பளி நூல் எடுங்கள். சால்வைக்கு 100 கிராமில் சுமார் 1400 மீட்டர் வரும் நூல் வேண்டும். பழக அதைவிடச் சற்றுத் தடித்தது போதும். 3.5 மி.மீ. ஊசி, நுனி கூர்மையாக இருப்பது கட்டாயம். மழுங்கிய மூங்கில் ஊசியோடு போராடாதீர்கள்.

25 கண்ணிகள் (ஊசியில் நிற்கும் நூல் வளையங்கள்) ஏற்றுங்கள். இரு ஓரத்திலும் 3 கண்ணிகள் எப்போதும் நிட். நடுவில் உள்ள 19 கண்ணிகளில் முன்பக்க வரிசை இப்படி: 3 நிட், நூப், 5 நிட், நூப், 5 நிட், நூப், 3 நிட்.

நூப் போட, ஒரே கண்ணிக்குள் நிட், யார்ன் ஓவர் (ஊசிமேல் நூலை ஒருமுறை போர்த்துவது), நிட், யார்ன் ஓவர், நிட், யார்ன் ஓவர், நிட் என்று ஏழு சுற்று எடுத்த பிறகே பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். ஒவ்வொரு சுற்றையும் ஏறக்குறைய 1 செ.மீ. உயரத்துக்கு இழுத்து விடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். வரிசை முடிவில் ஊசியில் 43 இருக்க வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு நூப்பும் ஆறைக் கூட்டுகிறது.

பின்பக்க வரிசையில் பர்ல் போட்டு வாருங்கள். நூப் வந்ததும் ஏழு சுற்றுக்குள்ளும் ஊசி நுனியை ஒன்றாக நுழைத்து ஒரே பர்லாக முடித்து, நூலை இறுக்குங்கள். கழுத்து இறுகினால்தான் மொட்டு உப்பும். மறுபடி 25. எண்ணிப் பாருங்கள்: 26 வந்தால் ஒரு சுற்று தனிக் கண்ணியாகப் பின்னப்பட்டிருக்கிறது, அப்படியே விட்டால் அடுத்த வரிசையிலிருந்து டிசைன் முழுதும் நகர்ந்துவிடும். அந்தக் கண்ணி வரை பிரித்துத் திருத்துங்கள். ஒரு சுற்று தவறிக் கீழே தொங்கினால் பயம் வேண்டாம், அது ஏணியாக ஓடாது, மொட்டு மட்டும் தளர்ந்து தெரியும்.

ஊசி நுழையவே மறுத்தால், சுற்றுகளைக் கீழ்நோக்கி மெல்ல இழுத்து ஒரே உயரமாக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் மெல்லிய குரோஷா ஊசியால் ஏழின் வழியே நூலை இழுத்தெடுக்கலாம். ஆனால் அதையே வழக்கமாக்கினால் வேகம் வராது. அடுத்த முறை யார்ன் ஓவரை இன்னும் நீளமாக விடுவதே சரியான மருந்து.

பிறகு முன்பக்கம் நிட், பின்பக்கம் பர்ல் என இரண்டு வெறும் வரிசை. அடுத்த நூப் வரிசையில் இடம் மாற்றி, 6 நிட், நூப், 5 நிட், நூப், 6 நிட்; இப்போது முன்பக்க முடிவில் 37.

வட்டமாகப் பின்னுவோருக்குப் பின்பக்க வரிசை கிடையாது. ஏழையும் பின்வளையம் (கண்ணியின் பின்பக்க நூல்) வழியாக ஒன்றாக நிட் போட வேண்டும். பர்ல் அளவுக்கு நேர்த்தி வராது என்பதால், முதல் பழக்கம் தட்டையாகவே இருக்கட்டும்.

துண்டை வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊற வைத்து, துவாலையில் அழுத்தி ஈரம் எடுத்து, ஓரங்களை இழுத்துக் குண்டூசி குத்தி முழுதும் காய விடுங்கள். கம்பளி அந்த வடிவைப் பிடித்துக்கொள்ளும்; அக்ரிலிக் நூலில் அது நடக்காது.