ஆன்லைன் சூட்டிங் விளையாட்டில் உங்கள் பாணியும் உங்கள் குழுவும்: யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குவோருக்கு

பப்ஜி மொபைலோ வலோரன்டோ புதிதாகத் தொடங்குபவர்கள், யூடியூப்பில் பார்த்த ஆட்டத்தை அப்படியே ஆடப் பார்க்கிறார்கள். வீட்டுக்குள் பாய்ந்து நால்வரையும் சுடும் காட்சி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதை ஆடியவரின் இணைப்பு வேறு, கூட்டாளிகள் வேறு. இங்கிருந்து ஆடும்போது பாணியைத் தெரிவு செய்ய ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் உங்கள் இணைப்பு, அடுத்தது குழுவில் ஆளில்லாமல் கிடக்கும் வேலை, உங்கள் விருப்பம் கடைசியில்.

படி 1: பிங்கை அளந்து எழுதுங்கள்

உங்கள் போனிலிருந்து தகவல், விளையாட்டை நடத்தும் கணினியான சேர்வருக்குப் போய்ப் பதில் திரும்பி வர எடுக்கும் நேரம்தான் பிங். மில்லி செக்கனில் காட்டும். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு கிட்டத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் தகவல் அந்தக் குறுக்கு வழியால் போவதில்லை. தெற்கே கொழும்புப் பக்கம் இறங்கி, கடலடி வடம் ஏறித்தான் சிங்கப்பூருக்கோ மும்பாய்க்கோ போகிறது. அந்தத் தூரத்தை எந்தப் பக்கேஜ் போட்டாலும் குறைக்க முடியாது. வீட்டுக்குள் நடக்கும் இழப்பைக் குறைக்கலாம்.

பயிற்சி மைதானத்தில் ஐந்து நிமிடம் நின்று, பிங்கின் ஆகக் குறைந்த எண்ணையும் ஆகக் கூடிய எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். காலை, பின்னேரம் 4 மணி, இரவு 9 மணி என்று மூன்று நாள் செய்தால் போதும். 60க்குக் கீழே நின்றால் எந்தப் பாணியும் ஆடலாம். 60க்கும் 120க்கும் இடையில் கவனம் வேண்டும். 120ஐத் தாண்டினால் கிட்டச் சண்டையைத் தவிர்ப்பதே நல்லது. இதைவிட முக்கியம், எண் நிலையாக நிற்கிறதா என்பது. 40க்கும் 200க்கும் இடையில் துள்ளும் இணைப்பைவிட, 90இல் அசையாமல் நிற்கும் இணைப்பு எவ்வளவோ மேல்.

துள்ளினால் முதலில் ரவுட்டரைப் பாருங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை நெரிசல் குறைந்தது, ஆனால் தடித்த சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். ரவுட்டர் விறாந்தையிலும் நீங்கள் உள்ளறையிலும் என்றால் 2.4ஐப் போட்டுப் பாருங்கள், இல்லையேல் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இருந்து ஆடுங்கள். கணினி என்றால் கேபிள் இழுத்துவிடுங்கள். வேகத்துக்காகப் பெரிய பக்கேஜ் எடுக்க வேண்டியதில்லை. போனில் ஓர் ஆட்டத்துக்குச் சில பத்து எம்பிதான் போகும். டேட்டாவை விழுங்குவது அப்டேட்தான். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால், அப்டேட்டை அந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

படி 2: போனும் ஹெட்போனும்

நம் ஊர் வெயிலில் போன் சூடேறினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், திரை திக்கித் திக்கி ஓடும். உறையைக் கழற்றுங்கள், சார்ஜில் போட்டபடி ஆடாதீர்கள், கிராபிக்ஸைக் குறைத்து ஃபிரேம் அளவை (ஒரு செக்கனில் திரை மாறும் தடவை) கூட்டுங்கள். வயர் ஹெட்போன் வாங்குங்கள். புளூடூத்தில் காலடிச் சத்தம் பிந்தி வரும். சூட்டுச் சத்தத்தை ஸ்பீக்கரில் விடவே கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தச் சத்தத்தை விளையாட்டாகக் கேட்க முடியாதவர்கள் எங்கள் வீடுகளிலும் பக்கத்து வீடுகளிலும் இருக்கிறார்கள்.

படி 3: பாணியைத் தெரிவு செய்யுங்கள்

நீங்கள் மறைவுக்குள் வந்த பிறகும் செத்து விழுவீர்கள். எதிரி ஹேக் போடுகிறான் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படியில்லை. எதிரி சுட்ட கணத்தில் அவன் திரையில் நீங்கள் இன்னும் வெளியில் நின்றீர்கள். அவன் கண்டதைச் சேர்வர் ஏற்றுக்கொண்டது, உங்கள் போனுக்கு அந்தச் செய்தி பிந்தி வந்தது. பிங் கூடக்கூட இந்தச் சாவும் கூடும்.

இதிலிருந்து பலரும் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள்: பிங் கூட என்றால் கதவோரம் பதுங்கிக் கேம்ப் அடிக்கலாம் என்று. நடப்பது மறுவளம். மூலையிலிருந்து வெளியே பாய்பவனின் அசைவு உங்கள் திரைக்கு வந்து சேர நேரம் எடுக்கும், அதனால் அவன் உங்களை முதலில் காண்பான். அசையாமல் காத்திருப்பவருக்குத்தான் இதில் நட்டம். பிங் கூடியவர்கள் 50 மீற்றருக்கு மேல் தள்ளி நின்று, ஒரு மதிலோ பாறையோ முன்னால் இருக்க, குழுவுக்குப் பின்புறக் காவல் கொடுக்கும் வேலையை எடுங்கள்.

ரஷ் என்பது கிட்டப் போய் அடிப்பது. முதலில் போகிறவர் சாகலாம். அவர் விழுந்த அடுத்த இரண்டு செக்கனுக்குள் பின்னால் வருபவர் அந்த எதிரியை விழுத்த வேண்டும். இதை டிரேட் என்பார்கள். இரண்டாமவர் 20 மீற்றர் பின்னால் நின்றால் அது ரஷ் இல்லை, ஒருவர் பின் ஒருவராகச் சாவதுதான். புதுக்குழுக்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடைவெளியால்.

சப்போர்ட், அதாவது கூட்டாளிகளை எழுப்பி உதவும் வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. புதியவர் இங்கே தொடங்கினால் எந்தக் குழுவும் வரவேற்கும். பப்ஜியில் விழுந்தவரை எழுப்பப் பல செக்கன் எடுக்கும். ஸ்மோக் (புகைக்குண்டு) எறிந்த உடனே எழுப்பப் போகாதீர்கள், புகை பரவச் சில செக்கன் வேண்டும். முதல் ஸ்மோக்கை விழுந்தவருக்கும் எதிரிக்கும் நடுவில் எறியுங்கள், இரண்டாவதை விழுந்தவர் மேல். ஆளுக்கு மூன்று ஸ்மோக்காவது பையில் இருக்கட்டும். ஃபர்ஸ்ட் எயிட் உயிரை நூற்றில் 75 வரைதான் ஏற்றும், மீதிக்கு எனர்ஜி டிரிங்க் குடிக்கலாம்.

மறைவில் இரண்டு வகை உண்டு. கிடுகு வேலி ஆளை மறைக்கும், குண்டை மறிக்காது. மதில் இரண்டையும் செய்யும். விளையாட்டில் புல்லும் பற்றையும் கிடுகு வேலி, பாறையும் மரத்தண்டும் மதில். உங்களை எதிரி கண்டுவிட்டான் என்றால் புல்லுக்குள் படுத்திருப்பதில் பயனில்லை.

பப்ஜியில் துப்பாக்கிக்கு எம்416இல் தொடங்குங்கள். கிரிப் (முன்கைப்பிடி), ஸ்டொக் (தோள்கட்டை), மசில் (குழல்முனைப் பாகம்) எல்லாம் பூட்டலாம் என்பதால் உதைப்பை அடக்குவது சுலபம். ஏகேஎம் துப்பாக்கிக்குக் கிரிப்பும் ஸ்டொக்கும் பூட்ட முடியாது. ஒவ்வொரு நாளும் 15 நிமிடம், சுவரில் 30 குண்டையும் தொடர்ந்து சுட்டு, துளைகள் ஒரு வட்டத்துக்குள் விழும்வரை விரலைக் கீழே இழுத்துப் பழகுங்கள்.

வலோரன்ட், கவுண்டர்-ஸ்டிரைக் 2 போன்ற ஐவருக்கு ஐவர் ஆட்டங்களில் பாணி நேரக் கணக்கோடு கட்டுண்டது. இரண்டிலும் 13 சுற்று வெல்ல வேண்டும். வலோரன்டில் ஸ்பைக் என்ற வெடிகுண்டை வைத்த பின் அது வெடிக்க 45 செக்கன், செயலிழக்கச் செய்ய 7 செக்கன். கவுண்டர்-ஸ்டிரைக்கில் வெடிகுண்டு வெடிக்க 40 செக்கன், செயலிழக்கச் செய்ய அதற்கான கிட் (கருவி) இல்லாமல் 10, இருந்தால் 5. அதனால் வெடிகுண்டு வைத்த அணி எதிரியைத் தேடி ஓடத் தேவையில்லை. எதிரிதான் வர வேண்டும்.

படி 4: கதைக்கப் பழகுங்கள்

“அங்க நிக்கிறான் மச்சான்” என்றால் யாருக்கும் விளங்காது. பப்ஜியில் திரையின் மேலே திசை எண் ஓடும். எண், தூரம், இடம், ஆட்கள், இந்த ஒழுங்கில் சொல்லுங்கள்: “245, கிட்ட, மஞ்சள் வீட்டு மேல்மாடி, ரெண்டு பேர்.” இரண்டு செக்கனில் சொல்லி முடிக்க வேண்டும். நீங்கள் விழுந்தால் உங்களைச் சுட்டவன் எங்கே, அவனுக்கு எவ்வளவு அடி போட்டீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு மைக்கை அடக்குங்கள். மிஞ்சி நிற்பவருக்குக் காலடிச் சத்தம் கேட்க வேண்டும். பிழை பிடிப்பதெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு.

படி 5: குழுவைத் தேடுங்கள்

வகுப்பு நண்பர்களோ மச்சான்மாரோ இருந்தால் அதுவே நல்ல தொடக்கம். சேருமுன் ஒரே சேர்வரில் ஆட முடியுமா என்று பாருங்கள். பப்ஜி மொபைல் 2020 செப்ரெம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2021இல் அங்கே வந்த பிஜிஎம்ஐ என்ற இந்தியப் பதிப்பு தனி விளையாட்டு, ஆகவே சென்னை நண்பரோடு உங்கள் உலகப் பதிப்பில் சேர முடியாது. வலோரன்டில் கணக்கு பிராந்தியத்தோடு கட்டப்பட்டது. ரொறன்ரோ அண்ணாவின் கணக்கு வட அமெரிக்காவில் இருந்தால், ஆசியக் கணக்கோடு ஒரே அணியில் நிற்க முடியாது. பப்ஜி மொபைலில் ஒருவர் கணினி எமுலேட்டரில் (போன் விளையாட்டைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) வந்தால், முழு ஸ்குவாட்டும் (நால்வர் குழு) எமுலேட்டர் ஆட்களோடு மோத வேண்டிவரும். போன் பிடித்த மூவருக்கும் அது அநியாயம்.

புலம்பெயர்ந்த உறவுகளோடு ஆட சனி இரவு 8.30 நல்ல நேரம். கோடையில் அப்போது லண்டனில் பின்னேரம் 4, ரொறன்ரோவில் காலை 11. குளிர்காலத்தில் இரண்டிலும் ஒரு மணி முன்னால். மார்ச்சிலும் ஒக்ரோபர் கடைசியிலும் கனடாவும் பிரித்தானியாவும் வெவ்வேறு வாரங்களில் மணிக்கூட்டை மாற்றுவதால், நேரத்தை எப்போதும் இலங்கை நேரத்தில் எழுதி வையுங்கள். எந்தச் சேர்வர் என்ற தகராறுக்கு ஒரு வழி: முன்னால் போய் அடிப்பவருக்கு எது கிட்டவோ அதைப் போடுங்கள். தூரத்தில் இருப்பவர் சப்போர்ட் எடுக்கட்டும்.

டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலியில் முகம் தெரியாத குழுவில் சேர்வதானால், முதல் நாள் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். தோற்ற பிறகு எப்படிக் கதைக்கிறார்கள் என்று கவனியுங்கள். அம்மாவை இழுத்து ஏசும் குழு, பெண் குரல் கேட்டதும் நக்கலடிக்கும் குழு, இரண்டையும் அன்றே விட்டு வாருங்கள். அங்கே எவ்வளவு திறமை இருந்தாலும் நீங்கள் கற்கப் போவதில்லை. சேர்ந்தால், “எந்த இடத்துக்கு ஆள் வேணும்?” என்று கேளுங்கள். “நான் ஸ்னைப்பர்” (தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுபவர்) என்று போய் நிற்பவர்கள் ஏற்கெனவே மூன்று பேர் இருப்பார்கள்.

இலவச யூசி (பப்ஜி மொபைலுக்குள் செலவழிக்கும் காசு) தருவதாக வரும் லிங்கைத் தொடாதீர்கள். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும், குழுத் தலைவரே கேட்டாலும், கொடுக்க வேண்டாம். கணக்கை மின்னஞ்சலோடு இணைத்து இரட்டைப் பூட்டுப் (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் வசதி) போடுங்கள்.

படி 6: சாவுக் கணக்கு

முதல் 20 ஆட்டத்துக்கு ஒரு கொப்பி வையுங்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரி: வெட்டையில் ஓடும்போது, தனியே போய், குண்டு நிரப்பும்போது, மறைவுக்குள் வந்த பிறகு. எது கூடுதலாக வருகிறதோ அதை மட்டும் அடுத்த வாரம் திருத்துங்கள். “தனியே போய்” கூடினால் வரைபடத்தில் கூட்டாளிகளின் புள்ளியை ஐந்து செக்கனுக்கு ஒருமுறை பாருங்கள். “குண்டு நிரப்பும்போது” கூடினால், பாதிக் குண்டு மிச்சமிருக்க நிரப்பும் பழக்கத்தை விட்டு இரண்டாவது துப்பாக்கிக்கு மாறப் பழகுங்கள். “மறைவுக்குள் வந்த பிறகு” கூடினால் மீண்டும் படி 1. அன்றிரவு பிங் எவ்வளவு என்று அதே வரியில் எழுதுங்கள்.