அப்டேட்டுக்குப் பிறகு டேப்லெட் அடிக்கடி நின்றுபோகிறதா? ரீசெட் செய்யும் முன் இவற்றைப் பாருங்கள்

மென்பொருள் அப்டேட் ஏற்றிய மறுநாளே ஆண்ட்ராய்டு டேப்லெட் தானாக அணைந்து எழுவதும், செயலிகள் திறந்த வேகத்தில் மூடிக்கொள்வதும் பலருக்கும் நேர்வதுதான். யாரைக் கேட்டாலும் ஃபேக்டரி ரீசெட் (டேப்லெட்டில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது) செய்யச் சொல்வார்கள்; ஆனால், அது கடைசி வழி. கோளாறு ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறதா, நாம் ஏற்றிய ஏதோவொரு செயலியில் இருக்கிறதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கும் முன்னால், டேப்லெட் ஓடும் நேரம் பார்த்துப் படங்களையும் கோப்புகளையும் கணினியிலோ கூகுள் டிரைவிலோ நகலெடுத்துவிடுங்கள்.

படி 1: ஓர் இரவு பொறுத்திருங்கள்

அப்டேட் முடிந்ததும், ஏற்கெனவே உள்ள செயலிகளைப் புதிய பதிப்புக்கு ஏற்பச் சீரமைக்கும் வேலை பின்னணியில் நடக்கும் என்பதால், முதல் நாளில் டேப்லெட் சற்றுச் சூடாவதும் மந்தமாவதும் இயல்பே. சார்ஜில் போட்டு, திரையை அணைத்து இரவு முழுவதும் விட்டுவிட்டு, காலையில் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். திரை உறைந்து எதற்கும் அசையவில்லை என்றால், பல டேப்லெட்களில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மீண்டும் எழும்.

படி 2: இடம் இருக்கிறதா?

செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்து பாருங்கள். நிரம்பி வழிந்தால், பெரிய வீடியோக்களை முதலில் நீக்குங்கள்.

படி 3: சேஃப் மோடில் ஓட்டிப் பாருங்கள்

இந்தச் சோதனையை மட்டும் தவிர்க்காதீர்கள். பவர் மெனுவில் தோன்றும் ‘பவர் ஆஃப்’ என்பதைத் தட்டாமல், விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால், பல டேப்லெட்களில் சேஃப் மோடுக்குப் போகவா என்ற கேள்வி வரும். சம்மதித்தால், டேப்லெட் எழுந்ததும் திரையின் கீழ் மூலையில் ‘சேஃப் மோட்’ என்ற எழுத்துகள் தெரியும். நாம் இறக்கிய செயலிகள் எதுவும் அப்போது இயங்காது. உடன் வந்தவை மட்டுமே இயங்கும். முகப்பில் வைத்த சில விட்ஜெட்டுகள் மறைந்துபோகலாம் என்பதால், முன்கூட்டியே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வது நல்லது.

அந்த நிலையிலேயே ஒரு மணி நேரம் பயன்படுத்துங்கள். ஒருமுறைகூட நின்றுபோகவில்லை என்றால், குற்றவாளி பெரும்பாலும் நாம் ஏற்றிய செயலிதான். ரீஸ்டார்ட் செய்து பழைய நிலைக்குத் திரும்பி, அண்மையில் ஏற்றியவற்றிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் சோதித்துப் பாருங்கள். ஐந்தாறை ஒரே மூச்சில் நீக்கினால் எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும். என் அக்கா மகனின் டேப்லெட், பூட்டைத் திறந்த பத்து விநாடிக்குள் கறுத்துப்போய்க்கொண்டிருந்தது. இரண்டாண்டுகளாக யாரும் தொடாத ஒரு ‘கிளீனர்’ செயலியை நீக்கியதோடு அந்தக் கோளாறு தீர்ந்தது. கிளீனர், முகப்புத் திரையை மாற்றியமைக்கும் லாஞ்சர், திரை நிறம் மாற்றும் செயலி ஆகியவற்றைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

படி 4: செயலிகள் மட்டும் மூடிக்கொண்டால்

டேப்லெட் நின்றுபோகாமல், தொடர்பற்ற பல செயலிகள் மட்டும் மூடிக்கொண்டால் ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’வைக் கவனியுங்கள். செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டுவது இதுதான். 2021 மார்ச்சில் இதில் நேர்ந்த பிழையால் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் உலகெங்கும் மூடிக்கொண்டே இருந்தன. கூகுள் திருத்திய பதிப்பை வெளியிட்ட பிறகே சரியானது. பிளே ஸ்டோரில் வெப்வியூவையும் குரோமையும் அப்டேட் செய்யுங்கள்.

படி 5: சேஃப் மோடிலும் நின்றால்

அப்படியானால் சந்தேகம் ஆண்ட்ராய்டு மீதோ வன்பொருள் மீதோ திரும்புகிறது. செட்டிங்ஸில் திருத்த அப்டேட் ஏதேனும் வந்திருக்கிறதா என்று பார்த்து, வந்திருந்தால் ஏற்றுங்கள். ரெகவரி மெனுவில் (ஆண்ட்ராய்டு எழும் முன்பே திறக்கும் பழுதுநீக்கும் மெனு), தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் ‘வைப் கேஷ் பார்ட்டிஷன்’ இருந்தால் அதையும் செய்யலாம். அது நம் கோப்புகளை அழிக்காது. ஆனால் பக்கத்திலேயே ‘வைப் டேட்டா’ இருக்கும். தவறித் தேர்ந்தெடுத்தால் எல்லாம் போய்விடும்.

இவற்றுக்கும் அடங்கவில்லை என்றால் மட்டுமே ஃபேக்டரி ரீசெட். டேப்லெட்டில் உள்ள கூகுள் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ரெகவரி வழியாக அழித்த டேப்லெட், பழைய கணக்கைக் கேட்டுத் திறக்க மறுக்கக்கூடும். முடிந்ததும் எந்தச் செயலியையும் ஏற்றாமல் ஒருநாள் ஓட்டுங்கள். வெறும் டேப்லெட்டே நின்றுபோனால், பேட்டரியையும் போர்டையும் சோதிக்கச் சர்வீஸ் சென்டருக்குத்தான் எடுத்துச்செல்ல வேண்டும்.