பைத்தான் இல்லாத கணினியில் பைத்தான் நிரலை ஓட்டுவது எப்படி?

நீங்கள் எழுதிய பைத்தான் நிரல் உங்கள் கணினியில் பிசிறில்லாமல் ஓடுகிறது. அதையே நண்பருக்கு அனுப்பினால் "மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்" என்ற பிழைச்செய்தியைப் படம் பிடித்துத் திருப்பி அனுப்புகிறார். அவர் கணினியில் பைத்தானே இல்லையென்றால் அந்தப் பிழைச்செய்திகூட வராது. நிரல் ஓடுவதற்கு மூன்று வேண்டும்: பைத்தான் இன்டர்பிரிட்டர், நீங்கள் பிப் மூலம் நிறுவிய நிரலகங்கள், நிரல் படிக்கும் படம், எழுத்துரு போன்ற கோப்புகள். நீங்கள் அனுப்பியதோ வெறும் மூல நிரல்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தரும் கருவிகள் பல உண்டு. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது பைஇன்ஸ்டாலர். ஆனால் வாங்கிக்கொள்பவர் நிரல் எழுதத் தெரிந்தவர் என்றால் இந்தப் பாடு தேவையில்லை. மூல நிரலையும் நிரலகப் பட்டியலையும் கொடுத்தால் அவரே பார்த்துக்கொள்வார். கட்டளை வரியைத் திறந்தே பார்த்திராதவருக்காகத்தான் இனி வருவதெல்லாம்.

எடுத்துக்காட்டாக, ஒரு பெயர்ப் பட்டியலைப் படித்து ஒவ்வொருவருக்கும் பிடிஎஃப் சான்றிதழ் உருவாக்கும் நிரலை வைத்துக்கொள்வோம். கோப்பின் பெயர் சான்று.பை. அது ரிப்போர்ட்லேப் என்ற நிரலகத்தைப் பயன்படுத்துகிறது. பக்கத்தில் 'வளங்கள்' என்ற கோப்புறை. அதில் பின்னணிப் படமும் எழுத்துருவும் இருக்கின்றன. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளைப் பயன்படுத்துங்கள். கோப்புப் பெயர்களுக்கும் அதுவே நல்லது.

படி 1: தனிச் சூழல்

இந்த நிரலுக்கு வேண்டிய நிரலகங்களை மட்டும் வைக்கும் தனிக் கோப்புறைதான் சூழல். அதை உருவாக்கும் கட்டளை:

பைத்தான் -எம் வென்வ் சூழல்

மேக்கிலும் லினக்ஸிலும் 'பைத்தான்3' என்று தொடங்க வேண்டியிருக்கலாம். பிறகு சூழலை முடுக்குங்கள். விண்டோஸில் 'சூழல்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்', மற்ற இரண்டிலும் 'சோர்ஸ் சூழல்/பின்/ஆக்டிவேட்'. உள்ளே வந்ததும்:

பிப் இன்ஸ்டால் ரிப்போர்ட்லேப் பைஇன்ஸ்டாலர்

பலர் தாண்டிப் போகும் படி இதுதான். எப்போதோ சோதனைக்காக நிறுவிய நிரலகங்களெல்லாம் கிடக்கும் பொதுச் சூழலில் பைஇன்ஸ்டாலரை ஓட்டினால், "இருந்தால் பயன்படுத்திக்கொள்" என்று ஏதாவதொரு நிரலகம் குறித்து வைத்திருப்பதையும் சேர்த்து அள்ளிவிடும். சின்ன நிரல் நூற்றுக்கணக்கான எம்பிக்கு ஊதுவது பெரும்பாலும் இதனால்தான். எல்லாம் சரியாக ஓடியதும் 'பிப் ஃப்ரீஸ்' தரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். படி 5-இல் வேண்டியிருக்கும்.

படி 2: கோப்புப் பாதைகளைத் திருத்துதல்

நிரலில் "வளங்கள்/பின்னணி.பிஎன்ஜி" என்று நேரடியாக எழுதியிருந்தால், அது நிரல் இருக்கும் இடத்தில் தேடாது, எந்தக் கோப்புறையில் நின்று நிரலை இயக்குகிறோமோ அங்கே தேடும். கட்டிய பிறகு முதலில் உடைவது இதுதான். பாத்லிப் மாட்யூலின் 'பாத்' வகுப்பைக் கொண்டு, இரட்டை அடிக்கோடுகளுக்கு இடையில் எழுதப்படும் 'ஃபைல்' என்ற மாறியிலிருந்து தாய்க் கோப்புறையைக் கண்டுபிடித்து, அதோடு 'வளங்கள்' என்பதைச் சேருங்கள். கட்டுவதற்கு முன்பும் பின்பும் இது சரியான இடத்தையே காட்டும்.

படிக்கும் கோப்புகளுக்கு மட்டும்தான் இந்த வழி. உருவாகும் சான்றிதழ்களை அங்கே சேமிக்காதீர்கள். பயனரின் சொந்தக் கோப்புறையில் சேமியுங்கள். காரணம் படி 3-இல் வருகிறது.

இன்னும் இரண்டு கண்ணிகள். லினக்ஸில் கோப்புப் பெயரின் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. விண்டோஸில் திறந்த கோப்பு அங்கே "இல்லை" என்று சொல்லும். அடுத்து, 'ஓப்பன்' கட்டளையில் என்கோடிங் (எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறை) யுடிஎஃப்-8 என்று குறிப்பிடாவிட்டால், விண்டோஸில் தமிழ்ப் பெயர்கள் குதறிப்போகும். பட்டியல் எக்செல்லிலிருந்து வரும் சிஎஸ்வி என்றால் 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுப்பது இன்னும் பாதுகாப்பு. எக்செல் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தைச் சேர்ப்பதுண்டு. அது முதல் நெடுவரிசையின் தலைப்போடு ஒட்டிக்கொண்டு, எதிரே தெரியும் பெயரையே "காணவில்லை" என்று சொல்ல வைக்கும்.

படி 3: கட்டுதல்

பைஇன்ஸ்டாலர் --ஆட்-டேட்டா வளங்கள்:வளங்கள் சான்று.பை

முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது உங்களிடம் உள்ள கோப்புறை. பின்னால் இருப்பது பொதிக்குள் அதற்கு வேண்டிய பெயர். பழைய பதிப்புகளில் விண்டோஸுக்கு மட்டும் அரைப்புள்ளி போட வேண்டியிருந்தது; 2023-இல் வந்த 6.0 முதல் எல்லாத் தளங்களிலும் முக்காற்புள்ளி செல்லும்.

முடிந்ததும் 'டிஸ்ட்' கோப்புறைக்குள் 'சான்று' என்ற கோப்புறை இருக்கும். அதில் இயங்கு கோப்பு ஒன்றும், இன்டர்பிரிட்டர் முதல் எழுத்துரு வரை எல்லாம் அடங்கிய 'இன்டர்னல்' என்ற கோப்புறையும் இருக்கும். இரண்டும் சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும். இயங்கு கோப்பை மட்டும் எடுத்து அனுப்பினால் வேலைக்காகாது.

'--ஒன்ஃபைல்' என்று சேர்த்தால் எல்லாம் ஒரே கோப்பாகிவிடுமே என்று கேட்பீர்கள். ஆகும். ஆனால் அந்த ஒற்றைக் கோப்பு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தன்னைத் தற்காலிகக் கோப்புறை ஒன்றில் பிரித்துப் பரப்பி, மூடும்போது அதை அழித்துவிடும். அதனால் தொடக்கம் தாமதமாகும். அங்கே சேமித்த சான்றிதழ்களும் கூடவே போய்விடும். போதாக்குறைக்கு, வைரஸ் தடுப்பு மென்பொருள்களின் சந்தேகத்துக்கும் அதிகம் ஆளாவது இந்த வடிவம்தான். பார்க்க அழகு என்பதைத் தவிர இதில் பெரிய ஆதாயம் இல்லை. கோப்புறை வடிவத்தையே எடுத்து, விண்டோஸ் என்றால் ஜிப் செய்து கொடுங்கள்; மற்ற தளங்களுக்குப் படி 6-ஐப் பாருங்கள்.

படி 4: பைத்தான் இல்லாத கணினியில் சோதித்தல்

உங்கள் கணினியில் ஓடுவது எதையும் நிரூபிக்காது. விடுபட்ட ஒன்று அங்கே வேறு வழியில் கிடைத்துவிடலாம். பைத்தான் நிறுவாத கணினியிலோ மெய்நிகர் கணினியிலோ சோதியுங்கள். இரட்டைச் சொடுக்கில் திறந்து கறுப்புச் சாளரம் மின்னி மறைந்தால், கட்டளை வரியைத் திறந்து அங்கிருந்து இயக்குங்கள். பிழைச்செய்தி நின்று தெரியும். கறுப்புச் சாளரத்தை மறைக்கும் '--விண்டோட்' விருப்பத்தை இதனால்தான் கடைசிவரை தள்ளிப்போடச் சொல்கிறேன்.

ஒரு மாட்யூல் இல்லை என்று வந்தால், அதன் பெயரை '--ஹிட்டன்-இம்போர்ட்' என்பதோடு சேர்த்து மறுபடி கட்டுங்கள். நிரல் ஓடும்போதுதான் பெயரைக் கோத்து அழைக்கப்படும் மாட்யூல்களைப் பைஇன்ஸ்டாலரால் முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாது. 'பில்ட்' கோப்புறையில் 'வார்ன்' என்று தொடங்கும் கோப்பில் அது கண்டுபிடிக்காதவற்றின் பட்டியல் இருக்கும். நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். வேறு தளங்களுக்கு உரிய மாட்யூல்களே அதில் நிறைய வரும்.

படி 5: மற்ற இயங்குதளங்கள்

விண்டோஸில் உட்கார்ந்து மேக்குக்கான பொதியைக் கட்ட முடியாது. பைஇன்ஸ்டாலர் எந்தத் தளத்தில் ஓடுகிறதோ, அந்தத் தளத்துக்கு மட்டுமே கட்டும். மூன்று தளத்துக்கும் மூன்று முறை கட்ட வேண்டும்.

மூன்று கணினி இல்லாதவர்கள், நிரலைத் தன் கணினிகளில் கட்டித் தரும் இணையச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸைப் பயன்படுத்தலாம். ஒரே கட்டளைக் கோப்பை எழுதி வைத்தால், விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றிலும் படி 1-இல் சேமித்த பட்டியலை நிறுவிக் கட்டித் தரும். பொதுவில் திறந்திருக்கும் களஞ்சியங்களுக்கு அதன் வழக்கமான கணினிகள் இலவசம்.

லினக்ஸில் ஒரு விதி: ஆதரிக்க நினைப்பவற்றில் மிகப் பழைய பதிப்பில் கட்டுங்கள். லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நிரலகம் ஜிலிப்சி. உபுண்டு 22.04-இல் இருப்பது அதன் 2.35 பதிப்பு, 20.04-இல் இருப்பது 2.31. புதியதில் கட்டியதைப் பழையதில் திறந்தால் "ஜிலிப்சி இன்ன பதிப்பு கிடைக்கவில்லை" என்று நின்றுவிடும். பழையதில் கட்டியது புதியதில் பொதுவாக ஓடும். மேக்கில் இந்தப் பிரச்சினை சிப்பைப் பொறுத்து வருகிறது: ஆப்பிள் சிப்புக்குக் கட்டியது இன்டெல் மேக்கில் ஓடாது.

படி 6: கையில் கொடுத்தல்

எழுதியவர் யார் என்று உறுதிசெய்யும் மின்கையொப்பம் இல்லாத நிரல் என்பதால் விண்டோஸ் நீலத் திரை விரித்து எச்சரிக்கலாம். "கூடுதல் தகவல்" என்பதைச் சொடுக்கினால் "எப்படியும் இயக்கு" என்ற பொத்தான் தெரியும். மேக்கில் ஒருமுறை திறக்க முயன்றுவிட்டு, அமைப்புகளில் தனியுரிமையும் பாதுகாப்பும் பகுதிக்குப் போய் அனுமதிக்க வேண்டும்; வலச் சொடுக்கில் திறக்கும் பழைய குறுக்குவழியை 2024-இல் வந்த செக்கோயா பதிப்பில் ஆப்பிள் எடுத்துவிட்டது. இந்தக் குறிப்புகளைப் பொதியோடு ஒரு சிறு உரைக் கோப்பில் எழுதி வையுங்கள். கையொப்பச் சான்றிதழுக்குப் பணம் செலவாகும். முன்பின் தெரியாதவர்களுக்கு விநியோகிக்கும்வரை அது தேவைப்படாது.

லினக்ஸுக்கும் மேக்குக்கும் உரிய பொதிகளை அந்தந்தத் தளத்திலேயே டார் கோப்பாகச் சுருக்குங்கள். விண்டோஸில் எடுத்துவந்து ஜிப் செய்தால் இயக்கும் அனுமதி தொலைந்துபோகும். பெறுபவர் சொடுக்கிக்கொண்டே இருப்பார், ஒன்றும் திறக்காது.