கட்டில் இல்லையா? மனுவை இப்படி எழுதுங்கள்

எங்கள் ஊர் பெரியாஸ்பத்திரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காப்பீட்டுக்கு ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், அப்புறம் மனு டைப் அடிப்பது, இதுதான் பிழைப்பு. "அண்ணே, எங்கம்மாவைத் தரையில போட்டிருக்காங்க, முதலமைச்சருக்கு ஒரு மனு அடிங்க" என்று வராத வாரம் கிடையாது. அடித்துக் கொடுப்பேன். "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒரு பதில் வரும். அதோடு சரி.

போன ஐப்பசி மழையில் என் அம்மாவையே காய்ச்சலோடு சேர்க்க வேண்டி வந்தது. 17ஆம் கட்டிலுக்கும் 18ஆம் கட்டிலுக்கும் நடுவில் பாய். ஸ்டாண்ட் இல்லாததால் குளுக்கோஸ் பாட்டிலை ஜன்னல் கம்பியில் பேண்டேஜ் துணியால் கட்டித் தொங்கவிட்டார் சிஸ்டர். ராத்திரி வார்டு முழுக்க அவர் ஒருவர்தான். 18ஆம் கட்டில்காரம்மா பாத்ரூம் போக எழும்போதெல்லாம் அம்மா காலை மடக்கிக்கொள்ளும்.

நாலு நாள் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் நான் அடித்துக் கொடுத்த மனுக்களின் கோளாறு புரிந்தது. எல்லாவற்றிலும் கட்டில் கேட்டிருந்தேன். இரும்புக் கட்டில் குடோனிலேயே கிடந்தது. அரசுக் கணக்கில் படுக்கை என்பது அரசாணையில் எண்ணிக்கை போட்டு அனுமதித்தது. செவிலியர் பணியிடம் அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். வராந்தாவில் இன்னும் இருபது கட்டில் போட்டாலும் கூடுதலாக ஒரு சிஸ்டர் வரமாட்டார்.

நோயாளி உள்ளே இருக்கும்போது மனு வேலை வேண்டாம். சிஸ்டரிடம் சண்டையும் வேண்டாம், அவர் கையில் ஒன்றும் இல்லை. காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் அன்றைக்கு யாருக்கு டிஸ்சார்ஜ் என்று தெரிந்துவிடும். அந்த நேரம் பார்த்துக் கேளுங்கள். நகரவில்லை என்றால் ஆர்.எம்.ஓ.வை (நிலைய மருத்துவ அலுவலர்) பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் மற்றதைப் பார்க்கலாம்.

தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ் ஒரு விண்ணப்பம். வெள்ளைத்தாள் போதும். பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், ஆஸ்பத்திரி பெயர். 10 ரூபாய்க்கு கோர்ட் ஸ்டாம்பு ஒட்டுங்கள். வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருந்தால் அதுவும் வேண்டாம், சான்று நகலை இணைத்தால் சரி. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏன் படுக்கை இல்லை?" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஏன், எப்படி என்று கேட்டால் "இது தகவல் வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நகல் கேளுங்கள். அனுமதிக்கப்பட்ட படுக்கைகள் எத்தனை, அந்த அரசாணையின் நகல். கடந்த 12 மாதங்களின் உள்நோயாளி எண்ணிக்கை, மாதவாரியாக. அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த தொகை எவ்வளவு, எதற்குச் செலவானது (அரசு ஆஸ்பத்திரிக்கும் அதில் பணம் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது). கடைசியாக, முக்கியமானது: கூடுதல் படுக்கை கேட்டு ஆஸ்பத்திரி மேலே அனுப்பிய கருத்துருவின் (அதாவது புரபோசல்) நகல், அனுப்பிய தேதி, வந்த பதில்.

இந்தக் "கருத்துரு" என்ற சொல் மனுவில் இருந்தே ஆக வேண்டும். பணம் நிற்கும் இடம் அதில்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்து இயக்ககம், அங்கிருந்து தலைமைச் செயலகம், நிதித்துறை, அப்புறம் அரசாணை, பொதுப்பணித்துறை மதிப்பீடு, டெண்டர். அமைச்சர் அறிவித்துவிட்டார் என்பதற்காகப் பணம் வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. மதுரை தோப்பூர் எய்ம்ஸையே பாருங்கள். 2019 ஜனவரியில் அடிக்கல் நட்டார்கள். அதைக் கட்ட வாங்கும் ஜப்பான் கடனுக்குக் கையெழுத்தானது 2021 மார்ச்சில். 1,264 கோடி ரூபாய் மதிப்பீடு 1,977 கோடியைத் தாண்டியது. 2022இல் சேர்த்த மாணவர்களை ராமநாதபுரத்தில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். கட்டுமானம் தொடங்கியது 2024இல். தாலுகா ஆஸ்பத்திரி வார்டுக்குக் கடன் ஒப்பந்தமெல்லாம் தேவையில்லை, ஆனால் கோப்பு ஏறும் படிகள் இதே மாதிரிதான்.

30 நாளில் பதில் வர வேண்டும். "இது எங்களிடம் இல்லை, பொதுப்பணித்துறையைக் கேளுங்கள்" என்று திருப்பி அனுப்ப முடியாது; பிரிவு 6(3)படி அவர்களே 5 நாளுக்குள் அங்கே மாற்றிவிட வேண்டும். பதிலே இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பெரும்பாலும் முதல் மேல்முறையீடு போனதுமே பதில் கவர் வந்துவிடும். என் அனுபவம் அப்படி.

எனக்கு வந்தது நாலு பக்கம். மூன்று பக்கத்தில் ஒன்றுமில்லை. நாலாவதில், கருத்துரு இரண்டு தடவை மேலே போய் இரண்டு தடவையும் திரும்பி வந்திருந்தது. காரணம்: "நில வரைபடம் இணைக்கப்படவில்லை." இரண்டாம் தடவையும் அதே வரி, அதே எழுத்துப்பிழையோடு.

அடுத்த திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். அந்த நாலாம் பக்கத்தின் நகல், சர்வேயர் ஆபீஸில் விண்ணப்பித்து வாங்கிய வரைபடம், ஒரு வரி மனு: இதை இணைத்து அனுப்புங்கள். மனு எண் போட்ட ரசீது கல்லாப்பெட்டியில் இருக்கிறது. நகல் வேண்டுபவர்கள் கடைக்கு வாங்க, அதற்குக் காசு வேண்டாம்.