கறிக்குழம்புக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

சிங்கப்பூர் துவாஸில் ஸ்கஃபோல்டிங் (சாரம் கட்டும் வேலை) சூப்பர்வைசர் நான். ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். லீவில் போகும் பையன்கள் கோடாலித் தைலம், மைலோ என்று பெட்டியை நிரப்புவார்கள். நான் அவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: வீட்டில் பெரியவர்களுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வா.

உலகில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் உண்டு. நம் ஊர்ப்பக்கம் சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் முக்கியக் காரணம். ஆனால் இலங்கையின் அனுராதபுரம் பக்கமும், ஆந்திராவில் உத்தானத்திலும் அவை இரண்டும் இல்லாத விவசாயிகளுக்கே வருகிறது. வெயில் வேலை, தண்ணீர் குறைவு, பூச்சிமருந்து, குடிநீர் எனச் சந்தேகப் பட்டியல் நீளம், காரணம் முடிவாகவில்லை. அதனால் 'அம்மாவுக்குச் சுகர் இல்லையே' என்று விட்டுவிடாதீர்கள்.

போய் இறங்கிய மறுநாள் காலையே லேப்புக்குக் கூட்டிப் போங்கள். மகன் வந்தான் என்று ஆட்டுக்கறி வெந்துவிட்டால் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு, கொஞ்சம் ஏறிக் காட்டும். காய்ச்சல், வாந்திபேதி இருந்தால் தள்ளிப் போடுங்கள். கேட்க வேண்டியவை இரண்டு: ரத்தத்தில் கிரியாட்டினின், காலை முதல் சிறுநீரில் அல்புமின் (ஒரு புரதம்)-கிரியாட்டினின் விகிதம். இரண்டாவதைப் பல லேப்களில் கேட்டால்தான் எடுப்பார்கள். அந்த விகிதம் 30-க்குள் இருந்தால் சரி.

இனிமேல்தான் சூட்சுமம். என் அம்மாவின் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.2. பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை. "நார்மல்தான் தம்பி, கெளம்புங்க" என்றார் லேப்காரர். 25 வயதுப் பையனுக்கு 1.2 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் அளவு, அதாவது இஜிஎஃப்ஆர், 86 வரும். 64 வயது அம்மாவுக்கு அதே 1.2-க்கு 51 தான். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் போட்டால் போனிலேயே கணக்கு வந்துவிடும். லேப் போடாவிட்டால் நீங்களே போட்டுப் பாருங்கள். இங்கே எடுத்த உங்கள் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். சிங்கப்பூரில் வேறு அலகு; என்னுடையது 88 என்று இருந்தது. 88.4-ஆல் வகுத்தால் ஊர்க் கணக்கில் 1.0.

இஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே வந்தால் பயந்து அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் 30-க்கும் கீழே என்றால் காத்திருக்கக் கூடாது, டாக்டரைப் பாருங்கள். மற்றபடி மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தால்தான் நாள்பட்ட நோய் என்பார்கள். நான் சமையலறைக் காலண்டரில் தேதியை வட்டம் போட்டுவிட்டு, தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

கிளம்புமுன் இன்னொரு வேலை. அம்மாவின் சுருக்குப்பையைத் திறந்து பார்த்தேன். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய டைக்ளோஃபினாக் பாதிப் பட்டை. நடவு நாளில் இரண்டு போடுவாராம், தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல். இந்த வகை வலி மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், டாக்டரிடம் காட்ட. அம்மாவுக்குக் கோபம்: "அதுவும் இல்லாட்டி எப்படிடா குனிஞ்சு நிமிர்றது?" அந்தக் கேள்வியையும் அப்படியே டாக்டரிடம் கேட்டோம். மாத்திரையை நிறுத்தி, வேறு வலி மருந்து எழுதிக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து அம்மாவின் இஜிஎஃப்ஆர் 52.