கனரக ட்ரெய்லர் இழுக்க எந்த உரிமம் வேண்டும்? அமெரிக்காவில் தொழில் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் தோட்டப் பராமரிப்பு, கட்டுமானம் போன்ற சிறு தொழில்களைத் தொடங்குகிறவர்கள் பலர், பிக்கப் டிரக்கை வாங்கிய கையோடு ட்ரெய்லரையும் வாங்கிவிடுகிறார்கள். நெடுஞ்சாலையில் அதிகாரி ஓரங்கட்டச் சொல்லும்போதுதான் உரிமத்தைப் பற்றிய கேள்வி எழுகிறது. ட்ரெய்லருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

படி 1: இரண்டு லேபிள்களைப் படியுங்கள்

டிரக்கில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் ஒரு லேபிள் ஒட்டப்பட்டிருக்கும். அதில் ‘ஜி.வி.டபிள்யூ.ஆர்.’ என்பதற்கு எதிரே உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியும் சுமையும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் விதித்த உச்ச வரம்பு அது. அதே லேபிளில் முன் ஆக்ஸில் (சக்கர அச்சு), பின் ஆக்ஸில் வரம்புகளும் இருக்கும். அவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ட்ரெய்லரின் லேபிள் பெரும்பாலும் இடப்பக்கத்தில், முன்பகுதியில் இருக்கும். பழைய ட்ரெய்லர் வாங்குகிறீர்கள், லேபிள் பெயின்டில் மறைந்துவிட்டது என்றால், எண் தெளிவாகும் வரை பணம் கொடுக்காதீர்கள்.

படி 2: கூட்டிப் பாருங்கள்

மத்திய அரசு விதிப்படி, ஏ வகுப்பு வணிக ஓட்டுநர் உரிமம் (சி.டி.எல்.) கட்டாயமாவதற்கு இரண்டு நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்த வேண்டும். டிரக், ட்ரெய்லர் இரண்டின் கூட்டு வரம்பு 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ட்ரெய்லரின் வரம்பு மட்டும் 10,000 பவுண்டைத் தாண்ட வேண்டும்.

பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள பிக்கப்பின் வரம்பு 14,000, டம்ப் ட்ரெய்லரின் (சரக்கைச் சாய்த்துக் கொட்டும் ட்ரெய்லர்) வரம்பும் 14,000 என்று வையுங்கள். மொத்தம் 28,000, ஏ வகுப்பு தேவை. அதே ட்ரெய்லரை 11,500 பவுண்டு டிரக்கில் பூட்டினால் 25,500தான் வருகிறது, தேவையில்லை. இனி 19,500 பவுண்டு டிரக்கோடு 7,000 பவுண்டு ட்ரெய்லரைச் சேருங்கள். மொத்தம் 26,500 ஆனாலும் ட்ரெய்லர் 10,000ஐத் தாண்டவில்லை, டிரக்கும் தனியாக 26,001ஐ எட்டவில்லை. ஆகவே தேவையில்லை. 9,990 என்று முத்திரையிட்ட ட்ரெய்லர்கள் சந்தையில் ஏன் இத்தனை என்பது இப்போது புரிந்திருக்கும்.

‘ட்ரெய்லர் காலியாகத்தானே வருகிறது’ என்ற வாதம் செல்லாது. மேலே சொன்ன 28,000 கணக்கு, ட்ரெய்லரில் ஒரு மண்வெட்டிகூட இல்லாவிட்டாலும் 28,000தான். வரம்பு, உண்மை எடை இரண்டில் எது அதிகமோ அதுவே கணக்கு. 9,990 ட்ரெய்லரில் அளவுக்கு மீறி ஏற்றி, எடை மேடையில் 10,400 காட்டினால், ட்ரெய்லர் 10,000ஐத் தாண்டியதாகவே கொள்ளப்படும்; அதோடு அதிகச் சுமைக் குற்றமும் சேரலாம்.

படி 3: உங்கள் மாநில விதியைப் பாருங்கள்

மாநிலங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் 10,000 பவுண்டைத் தாண்டினாலே, கூட்டு எடை எதுவானாலும், ஏ வகுப்பு கேட்பார்கள். மறுபக்கம், தன் பண்ணையிலிருந்து 150 மைலுக்குள் சொந்த விளைபொருளையும் கருவிகளையும் கொண்டுசெல்லும் விவசாயிக்கு விலக்களிக்க மாநிலங்களுக்கு அனுமதி உண்டு. பக்கத்து மாநில நண்பர் சொன்னதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

படி 4: சி.டி.எல். வேண்டாம் என்றாலும் வேலை முடிவதில்லை

இதைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். தொழிலுக்காக மாநில எல்லையைத் தாண்டும்போது, டிரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்து 10,001 பவுண்டை எட்டினாலே மத்திய பாதுகாப்பு விதிகள் வந்துவிடும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண், ஓட்டுநருக்கு மருத்துவச் சான்று, வண்டிக்கு ஆண்டுப் பரிசோதனை எல்லாம் வேண்டும். சாதாரண பிக்கப்பும் நடுத்தர ட்ரெய்லரும் இந்த எண்ணை எளிதாகக் கடந்துவிடும்.

படி 5: ஏ வகுப்பு உரிமம் பெறுவது

சொந்த மாநிலத்துக்குள் ஓட்ட 18 வயது, எல்லை தாண்ட 21 வயது ஆகியிருக்க வேண்டும். தேசியப் பதிவேட்டில் உள்ள மருத்துவப் பரிசோதகரிடம் சான்று பெறுங்கள். அது அதிகபட்சம் 24 மாதம் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வுகள்: பொது அறிவு, இணைப்பு வாகனம், ஏர் பிரேக் உள்ள வண்டியானால் அதற்கும் ஒன்று. தேறினால் பழகுநர் அனுமதி கிடைக்கும். அது கைக்கு வந்து 14 நாட்களாவது ஆன பிறகே செய்முறைத் தேர்வுக்குப் போகலாம்.

2022 பிப்ரவரி 7 முதல், முதன்முறை ஏ வகுப்பு கேட்பவர்கள் மத்திய அரசின் பயிற்சியாளர் பட்டியலில் உள்ளவரிடம் பயிற்சி முடித்திருப்பது கட்டாயம். ஆகவே பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டுமுன் அதன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

செய்முறைத் தேர்வில் மூன்று பகுதிகள்: வண்டியைச் சோதித்துக் காட்டுதல், அடிப்படைக் கட்டுப்பாடு, சாலையில் ஓட்டுதல். எந்த வண்டியில் தேர்வு எழுதுகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். சொந்த பிக்கப்பும் பம்பர் ட்ரெய்லருமாக (வண்டியின் பின்புறக் கொக்கியில் பூட்டும் ட்ரெய்லர்) போனால் தேறலாம். ஆனால் ஐந்தாம் சக்கர இணைப்புள்ள (இழுக்கும் வண்டியின் மேலுள்ள தட்டில் ட்ரெய்லரின் முன்பகுதி அமரும் இணைப்பு) டிராக்டர்-ட்ரெய்லர், அதாவது இழுவை லாரியும் ட்ரெய்லரும், ஓட்டக் கூடாது என்ற ‘ஓ’ கட்டுப்பாடு உரிமத்தில் ஏறும். ஏர் பிரேக் இல்லாத வண்டியென்றால் ‘எல்’ கட்டுப்பாடு. உங்கள் தொழிலுக்கு அந்த பிக்கப்பே போதுமென்றால் தயங்காமல் அதில் போங்கள். நாளைக்குப் பெரிய லாரி ஓட்டும் எண்ணம் இருந்தால் பயிற்சிப் பள்ளியின் டிராக்டர்-ட்ரெய்லரிலேயே தேர்வை முடியுங்கள். கட்டுப்பாட்டைப் பின்னர் நீக்க மறுபடி தேர்வுக்குப் போக வேண்டியிருக்கும்.